வினையின் கதை – 7: மாந்தோப்பில் ஒரு வழக்கு

சென்ற வாரம் விதேக மன்னன் ஜனகனின் வேள்விக் கூடத்தில் நின்றோம். கொம்புகளில் பொன் கட்டிய 1,000 பசுக்கள் அங்கே காத்திருந்தன. கூடியிருந்த அந்தணர்களில் மெய்யறிவில் சிறந்தவர் அவற்றை ஓட்டிச் செல்லலாம் என்றான் மன்னன். யாக்ஞவல்கியர் தயங்காமல் தம் மாணவனை அழைத்து ஓட்டச் சொன்னார். உடனே நாலாபுறமிருந்தும் கேள்விகள் பாய்ந்தன. அவற்றில் ஆர்த்தபாகர் கேட்டதுதான் நம் கதைக்கு உரியது. இறந்தவனின் பேச்சு நெருப்பிலும், மூச்சு காற்றிலும், கண் சூரியனிலும், உடல் மண்ணிலும் கலந்துவிட்ட பிறகு அந்த மனிதன் எங்கே இருக்கிறான்? மற்றவர்களுக்கெல்லாம் அவை நடுவிலேயே விடை சொன்ன யாக்ஞவல்கியர் இவரை மட்டும் கையைப் பற்றித் தனியே அழைத்துச் சென்றார். இது பலர் நடுவில் பேசத் தக்கதல்ல என்றார். இருவரும் பேசியது வினையைப் பற்றித்தான் என்றும், நல்வினையால் ஒருவன் நல்லவனாகிறான், தீவினையால் தீயவனாகிறான் என்றும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது பிருகதாரண்யக உபநிடதம்.

அதற்கும் முந்தைய பகுதியில் பார்த்த துவஷ்டாவையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டும் என்று அவன் வேள்வி செய்தான். 'இந்திரசத்ரு' என்ற ஒரு சொல்லில் ஒலியழுத்தம் இடம் மாறி விழுந்தது. இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் போய், இந்திரனால் கொல்லப்படுபவன் என்ற பொருள் வந்துவிட்டது. பிறந்த விருத்திரனை இந்திரன் கொன்றான். துவஷ்டாவின் எண்ணத்தில் மாற்றமில்லை, நாக்குதான் பிழைத்தது. பலனோ எண்ணத்தை விட்டுவிட்டு நாக்கைப் பின்தொடர்ந்தது. கருமம் என்றால் வேள்விச் செயல் என்று பொருள்பட்ட காலத்தின் நியதி அது. வேள்வியில் சங்கல்பம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் இந்தப் பலன் யாருக்கு, எதற்காக என்று முகவரி எழுதுவது மட்டுமே சங்கல்பத்தின் வேலை. அந்த எண்ணம் அறத்தோடு பொருந்துகிறதா என்று அது நிறுத்துப் பார்ப்பதில்லை.

வேள்விக் குண்டத்தின் ஓரத்தில் இருந்த வினையை மனித நடத்தைக்குள் கொண்டுவந்தவர் யாக்ஞவல்கியர். நடத்தையிலிருந்தும் இன்னும் உள்ளே, மனத்துக்குள் அது நுழைந்த கதையே இந்த வாரம். வினையின் நெடிய வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது என் வாதம். 'எல்லாம் என் கர்மா' என்று இன்று பெருமூச்சு விடும்போது அந்தச் சொல்லுக்கு நாம் தலையெழுத்து என்றே பொருள் கொள்கிறோம். அந்தத் திருப்பமோ அதற்கு நேர் எதிர்ப் பொருளைத் தந்தது. வினை என்பது எனக்கு நேர்வது அல்ல, நான் எண்ணித் துணிவது என்றது.

சொல்லிலேயே தொடங்கிய வழக்கு

இடம் நாலந்தா. பல நூற்றாண்டுகள் கழித்துப் பெரும் கல்விச்சாலையால் உலகப் புகழ் பெறப்போகும் ஊர். புத்தர் காலத்தில் அது மகத நாட்டில் மக்கள் நெருங்கி வாழ்ந்த செழிப்பான ஊராக இருந்தது. அங்கே பாவாரிகரின் மாந்தோப்பில் புத்தர் தங்கியிருந்தார். அதே ஊரில், அதே நேரத்தில், பெரும் துறவியர் கூட்டத்தோடு மகாவீரரும் தங்கியிருந்தார். பாலி நூல்கள் அவரை நிகண்ட நாதபுத்தர் என்று அழைக்கின்றன. நிகண்டர் என்றால் கட்டுகள் அற்றவர். நம் மணிமேகலையில் வஞ்சி மாநகரில் தன் சமயத்தை விளக்கும் நிகண்டவாதி இந்த மரபைச் சேர்ந்தவன்தான்.

ஒருநாள் பிச்சை ஏற்று உண்டு முடித்த தீகதபஸ்ஸி என்ற நிகண்டத் துறவி மாந்தோப்புக்கு வந்தார். தீவினை எத்தனை வகையான வினைகளால் செய்யப்படுகிறது என்று உங்கள் ஆசிரியர் சொல்கிறார் என்று புத்தர் அவரிடம் கேட்டார். நாங்கள் வினை என்று சொல்வதில்லை, தண்டம் என்று சொல்வதே எங்கள் வழக்கம் என்றார் வந்தவர். உடல் தண்டம், சொல் தண்டம், மனத் தண்டம் என மூன்று. அவற்றுள் கொடியது எது? உடல் தண்டம்தான் என்றார். புத்தர் அதே கேள்வியை 3 முறை கேட்டு, அதே விடையை 3 முறை பெற்று உறுதி செய்துகொண்டார். பிறகு தீகதபஸ்ஸி திருப்பிக் கேட்டார். புத்தர் தண்டம் என்ற சொல்லை ஏற்கவில்லை. வினை என்று சொல்வதே என் வழக்கம், உடல், சொல், மனம் ஆகிய மூன்றில் மன வினையே மிகக் கொடியது என்றார். அவரும் இதையே 3 முறை சொன்னார்.

நிகண்டர் எடுத்த சொல்லும் புத்தர் எடுத்த சொல்லும் வேறாக இருப்பது தற்செயல் அல்ல. தண்டம் என்றால் கோல், அடி. அடி யார் மேல் விழுகிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. வினை என்றால் செய்தல். செய்தல் என்றவுடன் செய்பவன் முன்னே வந்துவிடுகிறான். தமிழில் 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்கிறோம். முதல் வினை செயல், இரண்டாம் வினை அதன் விளைச்சல். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. அந்தச் சொல்லின் எந்த நுனியைப் பிடிப்பது என்பதே மாந்தோப்பில் எழுந்த வழக்கு.

ஒட்டிக்கொள்ளும் தூசி

மகாவீரரின் நிலைப்பாட்டை அவசரமாகத் தள்ளிவிடக் கூடாது. அதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. சமணத்தில் வினை என்பது உருவகம் அல்ல. அது ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அது உலகெங்கும் நிறைந்திருக்கிறது. உடலும் சொல்லும் மனமும் அசையும்போது அது உயிரை நோக்கி ஓடிவருகிறது. விருப்பு வெறுப்பின் பிசுபிசுப்பு இருந்தால் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ச் சமணர் இந்த இயக்கத்துக்கு அழகான சொற்களை வைத்தார்கள். வினை உள்ளே வருவது ஊற்று. உயிரோடு பிணைவது கட்டு. வரும் வழியை அடைப்பது செறிப்பு. பழையதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. வினை ஒரு தூசி என்றால், மிதித்தவன் அறிந்து மிதித்தானா அறியாமல் மிதித்தானா என்று எறும்பு கேட்கப்போவதில்லை. இறந்தது இறந்ததுதான். சிற்றுயிருக்கும் ஊறு நேராமல் நடையை அளந்து வைக்கும் சமணத் துறவியின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே கருத்திலிருந்து முளைத்தது. இந்திய மண்ணில் கொல்லாமையை இவ்வளவு தூரம் கொண்டுசென்றவர்கள் வேறு எவரும் இல்லை.

புத்தர் கேட்டது வேறு கேள்வி. தூசி ஒட்டுவதற்குப் பிசுபிசுப்பு தேவை என்றால், பிசுபிசுப்புதானே முதற்காரணம்?

உபாலியின் வருகை

தீகதபஸ்ஸி திரும்பிச் சென்று நடந்ததைச் சொன்னபோது மகாவீரரைச் சுற்றி இல்லறத்தார் பெரும் கூட்டமாக அமர்ந்திருந்தார்கள். அவர்களின் தலைவர்போல் இருந்தவர் உபாலி. நாலந்தாவின் செல்வர், நிகண்டர்களுக்கு நெடுங்காலம் சோறிட்டவர். நான் போய் அந்தத் துறவி கோதமரின் வாதத்தை முறியடித்து வருகிறேன் என்று எழுந்தார். அனுப்ப வேண்டாம், கோதமருக்கு மனத்தைத் திருப்பும் மாயம் தெரியும் என்று தீகதபஸ்ஸி தடுத்துப் பார்த்தார். மகாவீரர் அனுமதித்தார். உபாலி மாந்தோப்புக்கு நடந்தார்.

உண்மையைப் பற்றி நின்று பேசுவதானால் பேசலாம் என்று புத்தர் தொடங்கினார். முதலில் ஒரு நோயாளியைக் காட்டினார். நிகண்டத் துறவி ஒருவர் கடும் நோயில் கிடக்கிறார். குளிர்ந்த நீரில் உயிர்கள் உண்டு என்பதால் அதை மறுத்து, காய்ச்சிய நீரை மட்டுமே ஏற்கும் நோன்பு அவருடையது. குளிர்ந்த நீர் கிடைக்காமலே இறந்துவிடுகிறார். அவர் எங்கே பிறப்பார்? மனப் பற்று உடைய தேவர்களிடையே பிறப்பார், ஏனென்றால் மனம் அந்த நீரைப் பற்றியபடியே இறந்தார் என்றார் உபாலி. உடல் நோன்பை முறிக்கவில்லை. ஆனாலும் மறுபிறப்பை முடிவு செய்தது மனம். உங்கள் முன்பேச்சும் பின்பேச்சும் பொருந்தவில்லையே என்றார் புத்தர்.

இரண்டாவது கேள்வியில்தான் வழக்கு திரும்பியது.

எல்லா வகையிலும் தன்னைக் கட்டிக் காக்கும் நிகண்டத் துறவி ஒருவர் நடந்து போகிறார், நடந்து வருகிறார். காலடியில் எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்கு என்ன பலன் என்கிறார் உங்கள் ஆசிரியர்? கருதிச் செய்யாததால் அது பெரிய குற்றம் அல்ல என்கிறார் என்று உபாலி விடை சொன்னார். கருதிச் செய்தால்? பெரிய குற்றம். அந்தக் கருதுதலை மூன்று தண்டங்களில் எதில் சேர்க்கிறார்? மனத் தண்டத்தில் என்றார் உபாலி.

அந்த ஒரு விடையில் எல்லாம் முடிந்துவிட்டது. உடலே முதன்மை என்று வாதிட வந்தவர், குற்றத்தின் எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் மனமே என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டார். அடுத்து புத்தர் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார். வாளேந்திய ஒருவனால் நாலந்தா மக்கள் அனைவரையும் ஒரு நொடியில் கொன்று குவிக்க முடியுமா? முடியாது. மன ஆற்றல் மிக்க ஒரு முனிவர் சினந்தால் ஒரு எண்ணத்தால் இந்த ஊரை எரிக்க முடியுமா? முடியும் என்றார் உபாலி. முனிவர்களின் சாபத்தால் காடாகிப்போன தண்டகம், கலிங்கம் போன்ற நாடுகளின் பழங்கதைகளும் சாட்சிக்கு வந்தன. இன்றைய வாசகருக்கு இந்த மூன்றாம் வாதம் வலுவற்றதாகத் தோன்றும்; இருவரும் ஏற்றிருந்த ஒரு நம்பிக்கையின் மேல் மட்டுமே அது நிற்கிறது. இரண்டாம் வாதத்துக்கு அப்படி எந்த முட்டும் தேவையில்லை. எந்தக் காலத்திலும், எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அது தானாக நிற்கும்.

முதல் உவமையிலேயே மனம் ஒப்பிவிட்டதாகவும், மேலும் கேட்கும் ஆவலால்தான் எதிர்த்ததாகவும் உபாலி ஒப்புக்கொண்டார்; புத்தரைச் சரணடைய விரும்பினார். உங்களைப் போன்ற பேர்பெற்றவர்கள் நன்கு ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்று புத்தர் நிறுத்தினார். இவ்வளவு காலம் நிகண்டர்களுக்குக் கிணறுபோல் இருந்தது உங்கள் இல்லம், இனியும் அவர்களுக்கு உணவு தருவதை நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார். வாதத்தில் வென்ற கணத்தில், தோற்ற தரப்பின் பசியை நினைத்தவரின் வார்த்தை இது. மன வினையே முதன்மை என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான உரை எழுத முடியாது.

தராசு ஒரு பக்கம் சாய்கிறதா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். இதைச் சொல்வது பௌத்த நூல். மத்திம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் உள்ள கதை இது. வாய்மொழியாகக் காக்கப்பட்டு, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் ஏட்டில் ஏறியதாக மரபு சொல்லும் திரிபிடகத்தின் ஒரு பகுதி. எதிராளியின் விடைகளையும் பௌத்தரே எழுதினார்கள். கதையின் இறுதியில் மகாவீரரைப் பற்றி வரும் வரிகளில் சமயப் போட்டியின் கசப்பும் படிந்திருக்கிறது. ஒரு தரப்பின் பத்திரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மறுதரப்பும் தன் பத்திரத்தை விட்டுச் சென்றிருப்பது நம் நல்வாய்ப்பு.

சமண ஆகமங்களில் இரண்டாம் அங்கமான சூத்திரகிருதாங்கத்தில் ஆர்த்ரகர் என்ற துறவி ஒரு பௌத்தரை எதிர்கொள்கிறார். பௌத்தக் கொள்கை அங்கே இப்படி வருகிறது: பிண்ணாக்கு உருண்டையை மனிதன் என்று எண்ணி ஒருவன் சுட்டாலும், சுரைக்காயைக் குழந்தை என்று எண்ணிச் சுட்டாலும் அவன் கொலைகாரன், மனிதனைப் பிண்ணாக்கு என்று எண்ணிச் சுட்டால் அவன்மேல் குற்றம் இல்லை. இப்படி ஒரு அறம் உண்டா என்று ஆர்த்ரகர் சீறுகிறார். அடி சரியான இடத்தில் விழுகிறது. எண்ணமே எல்லாம் என்றால் கவனக்குறைவு தப்பித்துவிடும்; எனக்குத் தெரியாது என்ற ஒரு வார்த்தை எல்லாக் கொடுமைக்கும் போர்வையாகிவிடும். பல நூற்றாண்டுகள் கழித்துத் தமிழில் பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசியிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. கொன்றவன் வேறு, உண்பவன் வேறு, உண்பவனுக்குக் கொலை எண்ணம் இல்லை என்று ஊன் உணவுக்குச் சொல்லப்படும் நியாயத்தை அது விடாமல் கேள்வி கேட்கிறது.

பௌத்தம் இதற்குப் பதில் வைத்திருந்ததா? வைத்திருந்தது, அதை வாதநூலில் அல்ல, துறவியருக்கான ஒழுக்க நூலான விநயத்தில் தேட வேண்டும். துணி மூடிய இருக்கையில் ஒரு துறவி அமர்ந்தார்; துணிக்கடியில் படுத்திருந்த குழந்தை இறந்துவிட்டது. வழக்கு புத்தரிடம் வந்தது. கொல்லும் எண்ணம் இல்லாததால் சங்கத்திலிருந்து நீக்கும் குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்த அவர், அதோடு விடவில்லை. இருக்கையைச் சோதிக்காமல் இனி எவரும் அமரக் கூடாது, அமர்ந்தால் அதுவே தவறு என்று விதித்தார். மேலும், தீவினையின் வேர்களாக ஆசை, வெறுப்பு ஆகியவற்றோடு மயக்கத்தையும் அவர் சேர்த்திருந்தார். அறியாமை அங்கே சாக்கு அல்ல, வேர். கிரேக்க வழிவந்த மன்னன் மிலிந்தனுக்கு நாகசேனர் சொன்ன உவமை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரிந்து தொடுபவனைவிடத் தெரியாமல் அள்ளுபவனுக்கே அதிகம் சுடும்.

சமணமும் அசையாமல் நிற்கவில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் பறிபோவதை மட்டும் சொல்லாமல், விழிப்பற்ற நிலையில் உயிரைப் பறிப்பது என்று மனநிலையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, இரு தரப்பும் பௌத்தக் கதை காட்டும் அளவுக்குத் தொலைவில் இல்லை. ஒருவர் எண்ணத்திலிருந்து புறப்பட்டுக் கவனத்தை அடைந்தார். மற்றவர் ஊற்றிலிருந்து புறப்பட்டு அதே கவனத்தை அடைந்தார். இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, நேராக்குகிறது. வினை மனத்துக்குள் நுழைந்தது என்றால் நல்ல நோக்கம் இருந்தால் போதும் என்று பொருள் அல்ல. விழித்திருப்பதும் விழிக்காமல் இருப்பதும்கூட வினைதான் என்று பொருள்.

உபநிடதம் முன்பே சொல்லவில்லையா?

இரண்டாவது மறுப்பு வேதத் தரப்பிலிருந்து வரும். ஆசை எப்படியோ அப்படி உறுதி, உறுதி எப்படியோ அப்படிச் செயல், செயல் எப்படியோ அப்படிப் பலன் என்ற சங்கிலியை யாக்ஞவல்கியரே கோத்திருக்கிறார். ஆசை அற்றவனுக்கு மறுபிறப்பு இல்லை என்றும் அதே இடத்தில் சொல்கிறார். அப்படியிருக்க மனத்தைக் கண்டுபிடித்த பெருமையைப் புத்தருக்குத் தருவது முறையா? முறையல்ல, அந்தப் பெருமையில் யாக்ஞவல்கியருக்கு முழுப் பங்கு உண்டு. ஆனால் சங்கிலியைக் கூர்ந்து பாருங்கள். ஆசை முதல் கண்ணி, செயல் மூன்றாம் கண்ணி. மனம் வினையின் தாய். ஆனால் வினை அல்ல. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் சேதனையையே, அதாவது எண்ணித் துணிவதையே, வினை என்கிறார். துணிந்த பின் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அது செயல்படுகிறது என்கிறார். தாயும் சேயும் அங்கே ஒன்றாகிவிட்டார்கள்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. வேள்விக்குப் பொருள் வேண்டும், புரோகிதர் வேண்டும், உரிமை வேண்டும். உபநிடத அறிவுக்குத் தகுதியும் தனிமையும் வேண்டும். ஆர்த்தபாகர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லப்பட்டது அதனால்தான். பாஞ்சால மன்னன் பிரவாகணன் உத்தாலகருக்கு ஐந்து நெருப்புகளின் அறிவைத் தந்தபோது, இது இதுவரை அந்தணர் எவரிடமும் சென்றதில்லை என்று சொன்னதும் சாந்தோக்கியத்தில் இருக்கிறது. எண்ணித் துணிவதற்கோ எந்த அனுமதியும் தேவையில்லை. அரசனுக்கும் குயவனுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுபோல் கைவசம் இருக்கிறது. பிறப்பால் அல்ல, வினையால்தான் ஒருவன் உழவன், வினையால்தான் அந்தணன் என்று வாசெட்டர் என்ற இளைஞரிடம் புத்தர் சொன்னது இந்தக் கொள்கையின் நேரடி விளைச்சல். யாக்ஞவல்கியர் தனியே பேசியதை மாந்தோப்பு எல்லோருக்கும் பொதுவாக்கியது.

துன்பப்படுபவனைக் குற்றவாளியாக்கலாமா?

மூன்றாவது மறுப்பே மிகக் கடுமையானது. அதை நான் மதிக்கிறேன். எப்படிச் சுற்றி விளக்கினாலும் நடைமுறையில் கர்மக் கொள்கை என்ன செய்தது? ஏழையிடம் உன் முன்வினை என்றது. நோயாளியிடம் உன் முன்வினை என்றது. தாழ்த்தப்பட்டவனிடமும் அதையே சொன்னது. இழிந்த நடத்தையுடையோர் நாயாகவும் பன்றியாகவும் சண்டாளராகவும் பிறப்பார்கள் என்று சாந்தோக்கியம் சொல்வதை மறைக்க முடியாது. பௌத்தமும் இதில் தூய்மையானது அல்ல. மனிதரில் ஏன் உயர்வு தாழ்வு என்று சுபன் என்ற இளைஞன் கேட்டபோது, குறை ஆயுள் நெடு ஆயுள், நோய் நலம், வறுமை செல்வம், தாழ்குலம் உயர்குலம் என 7 இணைகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முற்பிறவி வினையைக் காரணம் காட்டுகிறார் புத்தர். இந்த வரிகள் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் அதே நூல்தொகையில் இன்னொரு உரையாடல் இருக்கிறது. சீவகர் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, ஒருவர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்று கேட்டார். புத்தர் அதை மறுத்தார். பித்தத்தால் நோய் வரும், கபத்தால் வரும், வாதத்தால் வரும், மூன்றும் சேர்ந்து கெடுவதால் வரும், பருவ மாற்றத்தால் வரும், உடலைச் சரியாகப் பேணாததால் வரும், பிறர் தாக்குவதால் வரும், வினையாலும் வரும். 8 காரணங்களில் வினை ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியாகச் சொல்லப்பட்டது. எல்லாம் முன்வினை என்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. வேறொரு இடத்தில், எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்று நம்புபவனிடம் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்ற முயற்சியே இராது என்று எச்சரிக்கிறார். வினையின் விளைவு எப்படி வந்து சேர்கிறது என்பது எண்ணி அளக்க முடியாத நான்கில் ஒன்று, அதைத் துருவுபவன் பித்தனாவான் என்றும் சொல்கிறார்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். தீவினை துன்பம் தரும் என்பது ஒரு கூற்று. துன்பப்படுபவன் தீவினை செய்தவன் என்பது வேறு கூற்று. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று சொல்ல முடியுமா? கர்மத்தின் பெயரால் நடந்த கொடுமை பெரும்பாலும் இந்த ஒரே தர்க்கப் பிழையில் குடியிருக்கிறது. வினை என்பது முன்னோக்கிப் பார்க்கும் கண். இப்போது நான் எதைத் துணிகிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்வதற்கு உரியது. அதைத் திருப்பி அடுத்தவனின் புண்ணுக்குள் காரணம் தேடுவதற்குப் பயன்படுத்தியவர்கள் மாந்தோப்பின் வழக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். நோயாளியின் முன்னால் நிற்கும்போது அவன் முன்வினை எனக்குத் தெரியாது. என் வினை எனக்குத் தெரியும். நான் கை நீட்டுகிறேனா இல்லையா என்பதே அது.

வினைக்கு உரியவர் யார்?

மனத்துக்குள் வினை நுழைந்ததை இந்து மரபும் தன் வழியில் ஏற்றது. குருக்ஷேத்திரத்தில் வில்லைக் கீழே வைத்த அர்ச்சுனனிடம் கீதை பேசுவது செயலை விடுவதைப் பற்றி அல்ல, பலன் மேல் உள்ள பற்றை விடுவதைப் பற்றி. கட்டுவது செயல் அல்ல, பற்று என்று அது சொல்லும்போது துவஷ்டாவின் உலகத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். ஆனால் கீதை தன்னறத்தை விடச் சொல்லவில்லை. தன்னறமோ அங்கே வருணத்தோடு கட்டுண்டது. மனம் விடுதலை பெறுகிறது, கடமை பழைய இடத்திலேயே நிற்கிறது. இந்த முடிச்சைப் பின்னர் விரிவாக அவிழ்க்க வேண்டியிருக்கும்.

இப்போது கவனிக்க வேண்டியது வேறு. வேத மரபில் வினைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அழியாத ஆன்மா செய்கிறது, அதுவே அனுபவிக்கிறது. செயலுக்கும் பலனுக்கும் இடையே உள்ள நெடுந்தொலைவைக் கடத்துவதற்கு மீமாம்சகர் 'அபூர்வம்' என்ற காணாத ஆற்றலை வைத்தார்கள். வேதாந்தம் பலனைச் சேர்ப்பிக்கும் ஈசனை வைத்தது; பலன் அறத்திலிருந்தே விளையும் என்ற ஜைமினியின் கருத்தையும் இறைவனே தருகிறான் என்ற கருத்தையும் பிரம்ம சூத்திரம் அருகருகே வைத்து, இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. சமணத்தில் தூசி ஒட்டுவதற்கு ஓர் உயிர் இருந்தது. ஆக, எல்லார் வீட்டிலும் கணக்குப் புத்தகத்தின் மேலட்டையில் ஒரு பெயர் இருந்தது.

பௌத்தத்தில் மட்டும் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

சாவத்தி நகரில், கிழக்குப் பூங்காவில், மிகாரமாதாவின் மாளிகை. முழுநிலவு இரவு. துறவியர் சூழத் திறந்தவெளியில் புத்தர் அமர்ந்திருந்தார். உருவம் நானல்ல, நுகர்ச்சி நானல்ல, குறிப்பு நானல்ல, மனத்தின் துணிவுகளும் உணர்வும் நானல்ல என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அப்போது கூட்டத்தில் ஒரு துறவியின் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. இவை எதுவும் நான் இல்லை என்றால், நானல்லாத ஒன்று செய்த வினை எந்த என்னை வந்து தீண்டப்போகிறது?

அவர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. யாக்ஞவல்கியர் தனியே அழைத்துச் சென்று பேசிய கேள்வி, மாந்தோப்பில் ஊரறியப் பேசப்பட்ட கேள்வி, இப்போது ஒரு துறவியின் மௌனத்துக்குள் வந்து நின்றது. புத்தர் அந்த எண்ணத்தை அறிந்துகொண்டார் என்கிறது நூல். கடிந்துகொண்டார், பிறகு கூடியிருந்தவர்களை நோக்கிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினார். அந்த உரை முடிவதற்குள் 60 துறவியரின் உள்ளம் விடுதலை பெற்றது என்றும் அதே நூல் சொல்கிறது.

ஆனால் அந்தத் துறவியின் கேள்விக்கு நேரான விடை அந்த உரையில் எங்கும் இல்லை. வினையை மனத்துக்குள் கொண்டுசேர்த்தவர், அந்த மனத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழுந்தபோது ஏன் பெயர் சொல்லவில்லை? விதைத்தவனும் இல்லை, அறுப்பவனும் இல்லை என்றால் விளைச்சல் எந்தக் களத்தில் வந்து சேர்கிறது?

(தொடரும்)